அரைச் சாண் தூரம்: வீட்டிலிருந்து கேம் லைவ் போடுகிறவர்கள் கேட்கும் ஆடியோ கேள்விகள்

வாடகை வீட்டில் பத்துக்குப் பத்து அறை. மேலே சீலிங் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே தெரு, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. இப்படி ஓர் இடத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் கேம் லைவ் போடுகிறவன் நான். இதுவரை மூன்று மைக் மாற்றியாயிற்று. அதில் இரண்டு வீண் செலவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆடியோ பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து லைவ் போடுகிறவர்களுக்கானது. மொபைல்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது. முதலில் கேமரா வாங்கவா, மைக் வாங்கவா?

மைக். கேம் லைவ் பார்க்கிறவர்களில் பலர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். ஒரு பக்கம் லைவ் ஓடும். மறுபக்கம் சாப்பிடுவார்கள், துணி மடிப்பார்கள், அவர்களும் ஒரு மேட்ச் ஆடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முகம் மங்கலாகத் தெரிந்தால் யாரும் எழுந்து போவதில்லை. குரலோடு ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் சேர்ந்து வந்தால், ஏன் என்றே தெரியாமல் சலிப்புத் தட்டி வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் மைக்குக்கும் முன்னால் ஒரு ஹெட்போன் வேண்டும். கேம் சத்தத்தை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல மைக் வாங்கினாலும், அந்தச் சத்தம் மைக்கிலும் புகுந்து பார்வையாளருக்கு இரண்டு தடவை கேட்கும். ஹெட்போன் ஏற்கெனவே இருக்கிறதென்றால் சரி, மைக்குக்குப் போகலாம்.

எதுவும் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு பழைய வயர் இயர்போனை போனில் செருகி, நீங்கள் விளையாடும் இடத்திலேயே உட்கார்ந்து நான்கு முறை பதிவு செய்யுங்கள். ஃபேன் ஓடும்போது இயர்போன் மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒன்று, அரைச் சாண் தூரத்தில் பிடித்து ஒன்று. ஃபேனை நிறுத்திவிட்டு அதே இரண்டு. பிறகு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்தாமலேயே, கிட்டே பிடித்த பதிவு எவ்வளவு தெளிவாகிவிட்டது என்று தெரியும்.

கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் குரல் மைக்கில் 6 டெசிபல் கூடுகிறது. முழத்திலிருந்து சாணுக்கு வந்தால் 6, சாணிலிருந்து அரைச் சாணுக்கு வந்தால் இன்னொரு 6. ஃபேன் எங்கோ கூரையில் இருக்கிறது. நீங்கள் மைக்கை ஒரு முழம் நகர்த்தியதால் அதன் சத்தம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆக, காசு செலவில்லாமல் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி. மைக் விலையை இரண்டு மடங்காக்கினாலும் இது கிடைக்காது.

ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. என்னதான் செய்வது?

மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் லைவ் போடு என்று சொல்கிறவன் நம் ஊர்க்காரனாக இருக்க மாட்டான். முதலில், ஃபேன் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, காற்று நேராக மைக் மேல் அடித்து வரும் ‘டப டப’ உறுமல். இன்னொன்று மோட்டாரும் இறக்கையும் போடும் சத்தம். முதலாவதற்கு மைக்கின் தலையில் ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டால் போதும். மைக் நேராக ஃபேனுக்குக் கீழே இல்லாதபடி மேசையை ஓரமாக நகர்த்துவது இன்னும் நல்லது.

இரண்டாவதில் பலர் கவனிக்காத ஒன்று ரெகுலேட்டர். சிறிய திருகு மாதிரி, படியே இல்லாமல் சுற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருந்தால், நடு வேகத்தில் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகும். சில சமயம் அதே முனகல் வயர் வழியாக ஆடியோவிலும் ஏறும். முழு வேகத்தில் வைத்தால் முனகல் போய்விடும். காற்றுச் சத்தம் கூடும். கிளிக் கிளிக் என்று படிப்படியாக மாறும் கெபாசிட்டர் ரெகுலேட்டரில் இந்த முனகல் இல்லை. பெரிய செலவில்லை, எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். என் வீட்டில் மூன்றாவது மைக் வாங்கிய பிறகுதான் இதைச் செய்தேன். வரிசை தலைகீழாகப் போய்விட்டது.

டேபிள் ஃபேனுக்கு மாறுவதும் ஒரு வழி. அதை மைக்கின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி, கால் மேல் காற்று படும்படி தரையில் வையுங்கள். ஏன் முதுகுப் பக்கம் என்பது கீபோர்டு கேள்வியில் வருகிறது. ஏசி இருந்தால் லைவ் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்துவிட்டு, பிறகு அதன் ஃபேன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கன்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

நம் வீடுகளுக்கு டைனமிக். ஆனால் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ‘டைனமிக் மைக் பின்னணிச் சத்தத்தை எடுக்காது’ என்று கடைக்காரர் முதல் யூடியூபர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது மைக்குக்குள் உட்கார்ந்து எது குரல், எது குக்கர் விசில் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. டைனமிக்குக்கு உணர்திறன் குறைவு. அதனால் வாயை ஒட்டி வைத்தே பேசியாக வேண்டும். ஒட்டிப் பேசுவதால் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. அரைச் சாண் கணக்கேதான் மறுபடியும். அதே டைனமிக் மைக்கை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் ஃபேனும் சேர்ந்தே ஏறும்.

உணர்திறன் கூடிய கன்டென்சர் மைக்கில் குரலின் மெல்லிய நுணுக்கங்கள் அழகாக வரும், மறுக்கவில்லை. மெத்தென்ற, அமைதியான அறை இருந்தால் வாங்குங்கள். டைல்ஸ் தரை, வெள்ளையடித்த வெறும் சுவர், தெருவில் தக்காளி வண்டி என்றால் அந்த நுணுக்கத்தில் தக்காளி விலையும் சேர்ந்து பதிவாகும்.

யூஎஸ்பி போதுமா, எக்ஸ்எல்ஆர் வேண்டுமா?

தனியாகப் பேசி விளையாடுகிறவருக்கு யூஎஸ்பி தாராளமாகப் போதும். எக்ஸ்எல்ஆர் என்பது மூன்று முள் உள்ள கெட்டியான இணைப்பு. அதைக் கணினியில் நேராகச் செருக முடியாது, நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வேண்டும். பெட்டி, கேபிள், ஸ்டாண்டு என்று செலவு சங்கிலியாக நீளும். இரண்டு பேர் ஒரே அறையில் பேசப்போகிறீர்கள், பாட்டு, கிதார் என்று வேறு வேலையும் இருக்கிறது என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

என் சிபாரிசு இரண்டு இணைப்பும் ஒன்றாக உள்ள டைனமிக் மைக். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ், ஃபைஃபைன் ஏஎம்8, மாவோனோ பிடி200எக்ஸ் இந்த வகை. இன்று யூஎஸ்பியில் தொடங்கலாம். பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை அதில் செருகலாம். வாங்கும்போது மைக்கிலேயே ஹெட்போன் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குரலை உடனுக்குடன், தாமதம் இல்லாமல் நீங்களே கேட்க அதுதான் வழி.

பெரிய ஸ்ட்ரீமர்கள் எல்லோரிடமும் ஷூர் எஸ்எம்7பி இருக்கிறதே, காசு சேர்த்து அதையே வாங்கிவிடலாமா?

அருமையான மைக். ஆனால் அது முப்பதாயிரத்தைத் தாண்டும் விலையோடு நிற்பதில்லை. அதன் வெளியீடு மிகச் சன்னமானது. பேச்சுக்கு ஏறக்குறைய 60 டெசிபல் கெயின் கேட்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸில் குமிழை முழுக்கத் திருகினாலும் அவ்வளவு வராது, அல்லது வரும்போது ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சலோடு வரும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் உள்ளது 56 டெசிபல். அதே வரிசையில் உள்ள 2ஐ2-வின் நான்காம் தலைமுறையில் 69. இந்தக் குறையை அடைக்கத்தான் கிளவுட்லிஃப்டர் மாதிரி, நடுவில் 25 டெசிபல் ஏற்றித் தரும் இன்னொரு பெட்டி விற்கிறார்கள். பிறகு ஷூரே, உள்ளேயே அந்த வேலையைச் செய்யும் எஸ்எம்7டிபி என்ற மாடலை 2023-இல் கொண்டுவந்தது.

ஆக, மைக், இன்டர்ஃபேஸ், ஒருவேளை நடுப்பெட்டி, அந்த எடையைத் தாங்கும் பூம் ஆர்ம் (மேசையில் பொருத்தி மைக்கை மாட்டும் கை). அந்தப் பணத்தில் நல்ல யூஎஸ்பி டைனமிக், நல்ல ஹெட்போன், ரெகுலேட்டர், கனமான திரைச்சீலை எல்லாம் வாங்கி மீதியும் இருக்கும். சேனலில் வருமானம் வரத் தொடங்கிய பிறகு ஆசைக்கு வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே பிஎம்-800 இருக்கிறது, காலர் மைக் இருக்கிறது, மாமாவின் மைக் செட் மைக்கும் இருக்கிறது. எதையாவது பயன்படுத்தலாமா?

பிஎம்-800 ஒரு கன்டென்சர். அதற்கு மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேன்டம் பவர், கொடுக்க வேண்டும். பெட்டியில் கூடவே வரும் 3.5 மில்லிமீட்டர் வயரை அப்படியே கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகினால் கிடைப்பது சில வோல்ட்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். நீங்கள் கெயினை ஏற்ற ஏற்ற இரைச்சல் வரும். என் முதல் வீண் செலவு இதுதான். பேன்டம் பவர் அடாப்டர் கிடைக்கிறது, அதோடு கொஞ்சம் தேறும்.

போயா பிஒய்-எம்1 மாதிரி வயர் காலர் மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை எடுக்கும், எனவே ஃபேனும் வரும். ஆனால் சட்டையில் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் மானிட்டர் மேல் நிற்கும் வெப்கேம் மைக்கைவிட நூறு மடங்கு தேவலை. அதன் பிளக் போனுக்கானது, நான்கு தொடுமுனை உள்ளது. கணினியில் மைக்குக்குத் தனித் துளை இருந்தால், மைக்கையும் ஹெட்போனையும் பிரித்துத் தரும் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். அதன் வயரில் இருக்கும் சிறு பெட்டியில் உள்ள பொத்தான், கேமரா பக்கத்திலா போன் பக்கத்திலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபத்தில் ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ சொல்லும் அகூஜா வகை மைக்கும் டைனமிக்தான். இன்டர்ஃபேஸ் வழியாகப் போட்டால் வேலை செய்யும், கேட்கவும் சகிக்கும். நேராகக் கணினியில் செருகினால் ஒன்றும் கேட்காது. மாமாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முகூர்த்த நாளில் தேடுவார்.

கேமிங் ஹெட்செட் ஒன்றே மைக்குக்கும் காதுக்கும் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் மாதிரி நல்ல ஹெட்செட்டின் மைக் தானாகவே வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. தூரக் கணக்கு அதற்குச் சாதகம். குரல் கொஞ்சம் ஒல்லியாக, போனில் பேசுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் அதோடு ஓட்டிவிட்டு, லைவ் போடும் பழக்கம் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகு தனி மைக் வாங்குவது புத்திசாலித்தனம்.

தனி ஹெட்போன் வாங்குவதானால் பின்பக்கம் மூடிய வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் ஒலி விரிந்து கேட்கும், காதும் வேர்க்காது. ஆனால் உள்ளே ஓடும் சத்தம் வெளியே கசிந்து, அரைச் சாணில் இருக்கும் மைக்கில் ஏறும். ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ, பேயர்டைனமிக் டிடி 770 போன்றவை ஸ்டூடியோவில் பாடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மூடிய ஹெட்போன்கள். டிடி 770 வெவ்வேறு ஓம் (மின்தடை) அளவில் வருகிறது. 250 ஓம் உள்ளதை வாங்கிவிட்டு லேப்டாப்பில் சத்தமே வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். 32 அல்லது 80 எடுங்கள்.

‘7.1’ என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது. மீதி மென்பொருள் செய்யும் வித்தை. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் அந்த வித்தை கேமுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் காலடிச் சத்தம் இடமா வலமா என்று குழம்பி, பின்னாலிருந்து வந்தவன் சுட்டுவிட்டுப் போவான்.

ப்ளூடூத் ஹெட்போன் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

கேட்பதற்கு மட்டும் என்றாலும் தாமதம் வரும். துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் கேட்கும். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் மோசம். மைக் திறந்ததும் ப்ளூடூத் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். கேம் சத்தம் முழுக்க பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடும். வயர் வேண்டாம் என்றால் யூஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ள கேமிங் ஹெட்செட் வாங்குங்கள்.

அறையில் எதிரொலி வருகிறது. முட்டை அட்டை ஒட்டினால் போகுமா?

போகாது. கரப்பான் பூச்சிதான் வரும். முட்டை அட்டை மெல்லியது. எதிரொலியில் மிகச் சின்னப் பகுதியைத்தான் அது தின்னும். ஆன்லைனில் விற்கும் ஓர் அங்குல ஃபோம் துண்டுகளும் உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சுகின்றன. அதை நாலு ஒட்டினால் அறை அமைதியாவதில்லை, குரல்தான் மந்தமாகிறது.

எதிரொலிக்கு மருந்து கனமான, மெத்தென்ற பொருள். நம் வீடுகளில் அது இல்லாமலா? எழுந்ததும் சுருட்டிவைக்கும் பஞ்சு மெத்தையை உங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். துணி நிரம்பிய பீரோவின் கதவைத் திறந்து வையுங்கள். தரையில் ஜமக்காளம், ஜன்னலில் இரட்டைத் திரை. மைக் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கேமராவில் மெத்தை தெரிகிறதே என்றால் அதன் மேல் ஒரு நல்ல போர்வையை விரித்துவிடுங்கள்.

தெருச் சத்தம் உள்ளே வருவது வேறு பிரச்சினை. அதை எந்த ஃபோமும் தடுக்காது. ஜன்னல் இடுக்கை அடைப்பதுதான் கொஞ்சம் உதவும்.

கீபோர்டு சத்தம் என் குரலைவிட அதிகமாகக் கேட்கிறது. மைக்கை எங்கே வைப்பது?

பெரும்பாலான ஸ்ட்ரீமிங் மைக்குகள் கார்டியாய்டு வகை: முன்னால் இருப்பதை நன்றாக எடுக்கும், முதுகுப் பக்கம் காது மந்தம். மைக்கை மேசை ஸ்டாண்டில் கீபோர்டுக்கு அப்பால் வைத்தால், உங்கள் குரலுக்குப் போகும் வழியில் கீபோர்டுதான் முதலில் நிற்கிறது. பூம் ஆர்மில் மாட்டி, வாய்க்கு அரைச் சாண் தூரத்தில், மைக்கின் முதுகு கீபோர்டைப் பார்க்கும்படி திருப்புங்கள். மேசையைத் தட்டினால் வரும் ‘தொம்’ சத்தமும் இதோடு குறையும். கிளிக் சத்தம் போடும் நீல ஸ்விட்ச் கீபோர்டு வைத்திருந்தால் சத்தம் குறைந்த சிவப்புக்கு மாறுவது பற்றியும் யோசியுங்கள். அந்த டிக் டிக் உங்களுக்குத்தான் இனிமை.

நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் சற்று ஓரமாக, கன்னத்தைப் பார்ப்பது போல் வையுங்கள். ‘பத்து பேர் பின்னாடி வர்றாங்க’ என்று சொல்லும்போது வாய்க்கு முன்னால் கையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ப-வுக்கும் ஒரு காற்று வந்து அடிக்கும். அது மைக்கில் பட்டால் ‘டப்’ என்று வெடிக்கும்.

இன்னொன்று. ப்ளூ யெட்டி மாதிரி சில மைக்குகளில் உச்சியைப் பார்த்துப் பேசக்கூடாது, பக்கவாட்டில் லோகோ இருக்கும் பக்கம் பேச வேண்டும். யெட்டியில் நான்கு திசை அமைப்புகள் உண்டு. எல்லாத் திசையும் எடுக்கும் அமைப்பில் வைத்துவிட்டு, மைக் சரியில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓபிஎஸ் ஃபில்டர்களை எந்த வரிசையில் போடுவது? வார்த்தை வெட்டுப்படுகிறதே?

ஓபிஎஸ் மேலிருந்து கீழாக வரிசையில் வேலை செய்யும். முதலில் நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலை அமுக்குவது), அடுத்து வேண்டுமானால் நாய்ஸ் கேட் (பேசாதபோது மைக்கைச் சாத்துவது), பிறகு கம்ப்ரஸர் (குரலின் ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்துவது), கடைசியில் லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாமல் தடுப்பது). சப்ரஷனில் ஆர்என்நாய்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேன் மாதிரி ஒரே சீரான சத்தத்தை அது நன்றாகவே அமுக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் என்விடியா பிராட்காஸ்ட் என்ற மென்பொருள் இன்னும் திறமையானது, ஆனால் கேமுக்கு வேண்டிய சக்தியில் கொஞ்சம் அது எடுத்துக்கொள்ளும்.

வார்த்தை வெட்டுப்படுவதற்குக் காரணம் கேட். குரல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கதவைச் சாத்திவிடுவது அதன் வேலை. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் சொல்லித்தரும் அளவுகளை அப்படியே போட்டால் நமக்கு வம்பு. தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசி எழுத்தில் இருக்கிறது; நாமோ அந்தக் கடைசி எழுத்தைத்தான் மெதுவாகச் சொல்கிறோம். ‘அவன் மேலே வரல’ என்பதில் அந்த ‘ல’வை கேட் விழுங்கிவிட்டால் கேட்கிறவனுக்கு என்ன புரியும்? ஒரு முறை என் அணியினர் எல்லோரும் இப்படித்தான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேட்டில் மூடும் அளவு இயல்பாக -32 டெசிபல், திறக்கும் அளவு -26 என்று இருக்கும். மூடுவதை -45, திறப்பதை -38 பக்கம் இறக்குங்கள். கதவு சாத்தக் காத்திருக்கும் ஹோல்டு நேரத்தை 200-லிருந்து 400 மில்லிசெகண்டுக்கு ஏற்றுங்கள். உங்கள் அறையில் ஒத்துவராவிட்டால் கேட்டையே எடுத்துவிடுங்கள், குடி முழுகிப் போகாது. கம்ப்ரஸரின் விகிதம் தொடக்கத்தில் 10:1 என்று இருக்கும், அது பேச்சுக்கு அதிகம். 3:1 அல்லது 4:1 வையுங்கள். ‘ஹெட்ஷாட்!’ என்று கத்தும்போது பார்வையாளரின் காது கிழியாமல் லிமிட்டர் பார்த்துக்கொள்ளும்.

குரலும் கேம் சத்தமும் எந்த அளவில் இருக்க வேண்டும்?

ஓபிஎஸ் மிக்ஸரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை ஓடும். -20க்குக் கீழே பச்சை, -9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சாதாரணமாகப் பேசும்போது குரல் மஞ்சளில் ஆட வேண்டும், கத்தினால் சிவப்பைத் தொட்டுத் திரும்பலாம். கேம் முழுக்கப் பச்சையிலேயே கிடக்கட்டும். உங்களுக்கு ஹெட்போனில் கேம் சத்தமாக வேண்டும் என்றால் ஹெட்போனில் கூட்டிக்கொள்ளுங்கள், மிக்ஸரில் அல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் ‘ப்ரோ, வாய்ஸ் கேக்கல’ என்று சாட்டில் வருகிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘கிர்ர்’ என்று கேட்கிறது. மைக் போய்விட்டதா?

மைக் நன்றாகத்தான் இருக்கும். விலை குறைந்த வீட்டு இன்வெர்ட்டர்கள் பல, கரண்டை வளைவாகத் தராமல் சதுர அலையாகத் தருகின்றன. ஃபேனே அப்போது முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே முனகல் ஆடியோவிலும் ஏறுகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது இல்லை.

கரண்ட் இருக்கும்போதும் முனகல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் எர்த்திங் சிக்கல். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருப்பதும் இதனால்தான். கணினி, மானிட்டர், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து எடுங்கள். அந்த ப்ளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தத்தோடு ஆளும் போகலாம்.

மொபைலில் பிஜிஎம்ஐ ஆடுகிறேன். டீமோடு பேசினால் லைவில் என் குரல் வருவதில்லை, ஏன்?

ஆண்ட்ராய்டில் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் மைக் கிடைக்கும். கேம் மைக்கைப் பிடித்துக்கொண்டால் ஸ்ட்ரீமிங் செயலிக்கு வெறும் மௌனம். கேமின் உள்சத்தத்தைப் பதிவு செய்யும் வசதியே 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய போனில் ஸ்பீக்கர் சத்தத்தை மைக்கில் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணினி ஒன்று இருந்தால் இலவசமான எஸ்சிஆர்சிபிஒய் மென்பொருளை முயன்று பாருங்கள். யூஎஸ்பி கேபிளில் போனின் திரை கணினிக்கு வரும், 2.0 பதிப்பிலிருந்து, ஆண்ட்ராய்டு 11-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் சத்தமும் வரும். டீமுக்குப் போனின் மைக், லைவுக்குக் கணினியின் மைக் என்று இரண்டாகப் பிரிந்துவிடுவதால் சண்டை இல்லை. சத்தம் போனில் நின்று கணினியில் கேட்கும், சின்னத் தாமதம் இருக்கும். காலடிச் சத்தத்தை நம்பி ஆடுகிறவர்களுக்கு அது உறுத்தும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். யூடியூபில் பாட்டின் உரிமையாளரிடமிருந்து உரிமைக் கோரிக்கை வரும், லைவ் நடுவிலேயே தடைபடவும் கூடும். யூடியூபின் சொந்த ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சைபர்பங்க் 2077 மாதிரி சில கேம்களில் உரிமையுள்ள பாடல்களை அணைக்க அமைப்பிலேயே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு ஆடி மாதம் தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து அம்மன் பாட்டு ஜன்னல் வழியாக மைக்கில் ஏறி, லைவ் முடிந்ததும் பதிவுக்குக் கோரிக்கை வந்து நின்றது. அம்மனிடமா முறையிட முடியும்? அந்தப் பகுதியை வெட்டி எடுத்தேன்.

வாய் அசைவுக்கும் குரலுக்கும் பொருந்தவில்லையே?

வெப்கேமும், வேறு கருவியின் படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கேப்சர் கார்டும் படத்தைத் தாமதமாகத் தருகின்றன, மைக் உடனே தருகிறது. கேமராவின் முன் ஒரு முறை கைதட்டிப் பதிவு செய்து, சத்தம் எவ்வளவு முந்துகிறது என்று பாருங்கள். ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மைக்குக்கு சிங்க் ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த மில்லிசெகண்டைப் போட்டால் குரல் அவ்வளவு பின்தங்கி வந்து சேர்ந்துகொள்ளும்.

பழைய மைக் வாங்கலாமா?

டைனமிக் என்றால் தைரியமாக. அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் வாங்குவதானால் லேப்டாப்பும் ஹெட்போனும் கையோடு எடுத்துப் போய், பேசிப் பதிவு செய்து கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். ஷூர் எஸ்எம்58க்குப் போலி ஏராளம். பாதி விலைக்குப் ‘புத்தம் புதிது, சீல் பிரிக்காதது’ என்று வந்தால் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி மைக்கில் செருகும் துளை தளர்ந்து ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

ராத்திரி லைவ் போட்டால் வீட்டில் திட்டு விழுகிறது. மெதுவாகப் பேச எந்த மைக் நல்லது?

கத்துவதற்குக் காரணம் உங்கள் காதுகள். மூடிய ஹெட்போன் போட்டதும் சொந்தக் குரல் நமக்குக் கேட்பதில்லை. கேம் சத்தத்துக்கு மேல் பேச முயன்று நம்மை அறியாமல் குரல் ஏறுகிறது. மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ உள்ள ஹெட்போன் துளையில் ஹெட்போனைச் செருகி, டைரக்ட் மானிட்டர் குமிழைத் திருகி உங்கள் குரல் உங்களுக்கே நன்றாகக் கேட்கும்படி வையுங்கள். கேம் சத்தத்தைக் குறையுங்கள். மைக்கை அரைச் சாணிலிருந்து நான்கு விரலுக்குக் கொண்டுவந்து கெயினைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அவ்வளவு கிட்டே வந்தால் குரலில் அடித்தொனி கூடி, மெதுவாகப் பேசினாலும் கனமாகக் கேட்கும். இப்போது காதில் ரகசியம் சொல்கிற மாதிரி பேசிப் பாருங்கள், லைவில் முழுசாக வரும். முதல் வாரம் சாட்டில் ‘ப்ரோ, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார்கள். அம்மா எழுந்து வந்து கதவைத் தட்டுவதைவிட அது பரவாயில்லை.